உதிரத்தின் கதை – 12: கோர்ட் படியேறிய மாத்திரை

போன வாரம் எங்கே விட்டோம்? சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. கம்பெனி சும்மா இருக்குமா? சட்டத்தையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது.

2007, ஆகஸ்ட் 6. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு. இன்று தீர்ப்பு.

அதற்குள் புதுச்சேரியின் கதிர்காமம் வரை ஒரு எட்டு போய் வருவோம். சற்றுத் தள்ளிக் கோரிமேடு, ஜிப்மர் மருத்துவமனை. ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஒருவர் பெஞ்சில் காத்திருக்கிறார் என்று வையுங்கள். வெள்ளையணு 11,000-ஐத் தாண்டக் கூடாது. சீட்டில் இரண்டு லட்சம்! இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது. நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது.

எலும்பு மஜ்ஜையின் தாய்ச்செல்தான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் பெற்றுப் போடுகிறது. உடம்பு கேட்கிற அளவுக்கு மட்டும். அப்படி ஒரு செல்லில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் முனைகளை மாற்றிக்கொண்டன. அதில் உருவான புரதம், பெருகு பெருகு என்று ஓயாமல் விரட்டுகிறது. அதுதான் இந்த ரத்தப் புற்றுநோய்.

அந்தப் புரதத்தின் வாயை அடைப்பதுதான் இமாட்டினிப் மாத்திரை. தினமும் விழுங்க வேண்டும்.

அப்போது கம்பெனி மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்பு 8,000 முதல் 10,000.

கோர்ட்டுக்குத் திரும்புவோம். கம்பெனியின் குறி காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த மருந்துக்குப் புது உருவம் கொடுத்தால் போதாது, குணப்படுத்தும் திறனும் கூடியிருக்க வேண்டும் என்கிற பிரிவு அது. அது ஒழிந்தால் இமாட்டினிபின் புதுப் படிக உப்புக்குக் காப்புரிமை கிடைக்க வழி பிறக்கும். போட்ட முதலும் உழைப்பும் வீணாகக் கூடாது என்பது அவர்கள் கவலை. எதிரே புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம். நோயாளிகளுக்கு அடுத்த மாத மாத்திரை வேண்டும். உயிர் அதில்தான் இருக்கிறது.

தீர்ப்பு வந்தது.

உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு முரணா? அதை விசாரிக்கும் இடம் இதுவல்ல. சமத்துவ உரிமைக்கு விரோதமா? இல்லை. உயிர்காக்கும் மருந்து ஏழைக்கும் எட்ட வேண்டும், அது அரசின் கடமை.

மனு தள்ளுபடி!

சட்டம் தப்பியது. விண்ணப்பத்தைத் தள்ளியதை எதிர்த்த காப்புரிமை வழக்கோ முன்பே அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயிருந்தது. 2009-இல் வாரியம் வாய் திறந்தது.

இந்தப் படிகம் புதியதுதான் என்றது. கண்டுபிடிப்புதான் என்றும் சொன்னது.

அப்படியானால் அந்தப் பெஞ்சில் காத்திருப்பவரின் மாத்திரை?

(அடுத்த வாரம்)