மாதிரிக் கையெழுத்து

வங்கிக் கவுண்டரில் இருந்தவரை, காசோலை வந்தால் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிடுவேன். வாடிக்கையாளர் எங்களைச் சோதித்ததே இல்லை. கட்டடமும் பெயர்ப்பலகையும் அவருக்குப் போதும். மின்னஞ்சலில் கட்டடம் ஏது?

1990களின் நடுவில் அமெரிக்காவின் ஏஓஎல் இணையச் சேவையில் மோசடிக்காரர்கள் ஊழியர்போல் நடித்துக் கடவுச்சொல் கேட்டார்கள். 2000-இல் பணம் அனுப்பும் சேவையான பேபாலின் பெயரின் கடைசியில் சிறிய 'எல்'லுக்குப் பதிலாகப் பெரிய 'ஐ' போட்டு ஒரு போலித் தளம். திரையில் இரண்டும் ஒரே கோடுதான். கைதேர்ந்த வேலை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2001-இல் இ-கோல்டு என்ற இணையப் பணச் சேவையும் 2003-இல் சிட்டிபேங்கும் இதேபோன்ற மோசடிக்கு இலக்காயின.

மோசடி மின்னஞ்சலை அடையாளம் காண எழுத்துப்பிழையைப் பார் என்றார்கள். இப்போது பெரும்பாலும் பிழையே வருவதில்லை. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. வங்கியின் பெயரில் வரும் இணைப்பில், 'https://'-க்குப் பின் வரும் முதல் சாய்கோட்டை ஒட்டி முன்னால் அது இல்லையென்றால், கடிதம் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் அழித்துவிடுகிறேன்.