மேப்பிளும் பிர்ச்சும்: ஒரே காட்டின் இரண்டு பாகு

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில், வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மேப்பிள் மரங்கள் வைத்திருப்பவர்கள் பிப்ரவரி பிறந்ததும் வானிலை அறிக்கையை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. இரவில் தண்ணீர் உறைய வேண்டும், பகலில் வெப்பம் நாலைந்து டிகிரி செல்சியசுக்கு ஏற வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் தொடங்கிவிட்டால் மரத்தில் துளையிட்டு வாளியை மாட்டலாம். அதே காட்டில் வெள்ளைப் பட்டையோடு நிற்கும் பிர்ச் மரத்தை அப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் முறை ஏப்ரலில் வரும். இரண்டும் இலை விடுவதற்கு முன் இனிப்பு நீர் வடிப்பவை, இரண்டின் நீரையும் காய்ச்சினால் பாகு கிடைக்கும். அதனால் ஒன்றுக்கு மற்றது மாற்று என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நீரை எது தள்ளுகிறது, அதில் இருப்பது எந்தச் சர்க்கரை என்ற இரண்டைப் பார்த்தாலே, ஏன் இவற்றை ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பது விளங்கிவிடும்.

சர்க்கரை மேப்பிளில் நீரைத் தள்ளுவது தண்டு. அதன் நார் செல்களுக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று அடைபட்டிருக்கிறது. இரவில் குளிர் இறங்கும்போது அந்தக் காற்று சுருங்குகிறது, செல்லுக்குள் பனிக்கட்டி படிகிறது, கிளையும் தண்டும் கீழேயிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. பகலில் பனி உருகியதும் காற்று விரிந்து நீரை நெருக்குகிறது. துளை இருந்தால் அதன் வழியே சொட்டும். நாள் முழுக்கக் குளிராகவே இருந்தாலும் சொட்டாது, இரவும் பகலும் தொடர்ந்து வெதுவெதுப்பாக இருந்தாலும் நின்றுவிடும். பிர்ச்சில் தள்ளுவது வேர். மண் சூடேறிய பிறகு வேர் நீரை உறிஞ்சித் தண்டுக்குள் மேலே ஏற்றுகிறது. அதற்கு இரவு உறைய வேண்டிய தேவையே இல்லை. ஆகவே மேப்பிள் ஓய்கிற சமயத்தில்தான் பிர்ச் தொடங்குகிறது, இலை விரியும் வரை இரண்டு மூன்று வாரம் ஓடுகிறது. சர்க்கரை மேப்பிள் வளராத அலாஸ்காவில் பாகுத் தொழிலே பிர்ச்சை நம்பித்தான் நடக்கிறது.

வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும். மேப்பிள் நீர் பெரும்பாலும் பகலில் சொட்டும், இரவில் மரமும் ஆளும் ஓய்வெடுக்கலாம். வாளியில் சேர்ந்த நீரையும் குளிரே காப்பாற்றித் தருகிறது. நம் பனையேறிகள் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு செய்கிற வேலையை அங்கே பனிக்காலம் செய்கிறது. பிர்ச் இரவிலும் வடியும், வாளி நிரம்பி வழியும். காற்றில் சூடு ஏறிவிட்ட பருவம் என்பதால் ஒரு நாள் தாமதித்தாலே நீர் கலங்கத் தொடங்கும்.

இனிப்பின் அளவைப் பார்ப்போம். மேப்பிள் நீரில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம், பிர்ச்சில் சுமார் 1 சதவீதம், பல சமயம் அதற்கும் கீழே. எவ்வளவு நீருக்கு எவ்வளவு பாகு என்று கணக்கிட, வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோன்ஸ் வகுத்த விதியைத்தான் இன்றும் சிறு உற்பத்தியாளர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள்: 86ஐ நீரின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால் போதும். 2 சதவீத நீர் என்றால் 43 லிட்டருக்கு ஒரு லிட்டர் பாகு. பிர்ச்சுக்கு நடைமுறையில் 100 லிட்டரும் அதற்கு மேலும் தேவைப்படும். வாளி மாட்டிய ஒரு மேப்பிள் துளை ஒரு பருவத்தில் சுமார் 40 லிட்டர் தருமானால், துளைக்கு ஒரு லிட்டர் பாகு என்று வைத்துக்கொள்ளலாம். அதே உழைப்புக்குப் பிர்ச்சில் அதில் பாதிகூடத் தேறாது, விறகோ இரண்டு பங்குக்கு மேல் எரியும்.

அளவைவிட முக்கியமானது சர்க்கரையின் வகை. பருவத் தொடக்கத்து மேப்பிள் நீரில் இருப்பது ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். குளிரில் நுண்ணுயிர்கள் அடங்கியிருப்பதால் அது உடையாமல் அடுப்புக்கு வருகிறது, பாகு வெளிர் பொன்னிறத்தில் மெல்லிய மணத்தோடு இறங்குகிறது. மார்ச் கடைசியில் வெப்பம் ஏற ஏற, நுண்ணுயிர்கள் பெருகிச் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுகின்றன. இவை சூட்டில் எளிதில் பழுப்பேறும். அதனால்தான் கடைசி வாரத்துப் பாகு கருத்து, ருசியும் முரடாகிறது. இன்று கடைகளில் காணும் நான்கு தரங்களும், பொன்னிறம் தொடங்கி மிகக் கருமை வரை, பெரும்பாலும் இந்தக் கால வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. மொட்டு வெடிக்கத் தொடங்கிய பின் எடுத்த நீரில் ஒரு கெட்ட வாடை புகுந்துவிடும், எந்தக் காய்ச்சலிலும் அது போகாது. சிவப்பு மேப்பிளில் இந்த வாடை இன்னும் முன்னதாகவே வந்துவிடும், ஏனென்றால் அது சீக்கிரம் மொட்டு விடும் மரம்.

பிர்ச்சின் நீரில் முதல் சொட்டிலிருந்தே இருப்பவை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். மேப்பிள் பருவத்தின் முடிவில் போய்ச் சேரும் இடத்தில் பிர்ச் தொடக்கத்திலேயே நிற்கிறது என்று சொல்லலாம். பொன்னிறப் பிர்ச் பாகை எதிர்பார்ப்பதே தவறு.

அதனால் முன்கூட்டியே துளையிடும் கேள்வி மேப்பிளுக்கே உரியது. வெர்மான்டில் பழைய வழக்கம், மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஊர்க்கூட்டத்தை ஒட்டித் துளையிடுவது. குளிர்காலம் குறுகிவரும் இந்நாளில் ஜனவரி இறுதியிலேயே பனி இளகும் நாட்கள் வருகின்றன, அப்போதே தொடங்கினால் மிகச் சிறந்த பொன்னிறப் பாகு கிடைக்கும். ஆனால் துளை திறந்த நாளிலிருந்தே நுண்ணுயிர்கள் உள்ளே குடியேறுகின்றன, மரமும் தன் காயத்தை உள்ளுக்குள் அடைக்கத் தொடங்குகிறது. ஆறு வாரம் போலக் கழிந்தால் வரத்து தளர்ந்துவிடும். ஜனவரியில் திறந்த துளை, மார்ச்சில் மரம் அள்ளிக் கொடுக்கும் வாரத்தில் வறண்டு கிடக்கலாம். பெரிய தோட்டக்காரர்கள் உறிஞ்சு பம்பும் நீரைத் திரும்பவிடாத குழல்களும் வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். வாளியை நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பாதி மரங்களை முதல் இளக்கத்திலும் மீதியை மார்ச் தொடக்கத்திலும் துளையிடுவதே பத்து மரக்காரருக்கு நான் சொல்லும் வழி.

துளையிடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 8 மில்லிமீட்டர் அலகு, நாலைந்து சென்டிமீட்டர் ஆழம், நீர் தேங்காமல் வெளியே வடியச் சற்று மேல்நோக்கிய சரிவு. அலகோடு வெளிவரும் தூளைப் பார்க்க வேண்டும். வெளிர் நிறத் தூள் என்றால் உயிருள்ள கட்டை, பழுப்பு என்றால் பழைய காயத்தில் இறங்கிவிட்டோம் என்று பொருள். துளையில் செருகும் குழலைச் சுத்தியலால் மெல்லத் தட்ட, ஓசை மந்தமாக மாறும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓர் அடி வைத்தால் மரம் பிளந்து நீர் பக்கவாட்டில் கசியும்.

அடுப்படியில்தான் இரண்டும் முழுக்கப் பிரிகின்றன. மேப்பிள் நீரை வெளியில் காய்ச்சுவதே நல்லது, ஒரு லிட்டர் பாகுக்காக நாற்பது லிட்டருக்கு மேல் ஆவியாவதைச் சமையலறைச் சுவர் தாங்காது. அகலத் தட்டில் கொதி தளதளவென்று இருக்க வேண்டும். திடீரென்று நுரை பொங்கி விளிம்பைத் தொடும்போது ஒரு சொட்டு வெண்ணெய் விட்டால் அடங்கிவிடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி கூடுதலாக ஏறியதும் பதம் நெருங்கிவிட்டது. கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால், சொட்டுச் சொட்டாக விழாமல் ஓரத்தில் ஒரு சிறு திரைபோல் கூடித் தொங்கி, மொத்தமாக அறுந்து விழும். வெர்மான்ட் சட்டம் கேட்கும் அடர்த்தி 66.9 சதவீதம். அதற்குக் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், கூடினால் சீசாவின் அடியில் கற்கண்டு கட்டும். சூட்டோடு கம்பளித்துணியில் வடிகட்டினால் அடியில் மணல்போல் தங்குவது மரத்தின் கால்சியம் உப்பு.

பிர்ச்சுக்கு இந்தத் தளதளப்பு ஆகாது. சுக்ரோஸைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஃபிரக்டோஸ் கருகும். முதல் பாதியை எப்படிக் காய்ச்சினாலும், கெட்டியாகும் கட்டத்தில் தீயைத் தணித்துப் பொறுமையாக வற்றவைக்க வேண்டும். அலாஸ்காவில் பலர் அழுத்தச் சவ்வு இயந்திரத்தால் பெரும்பகுதி தண்ணீரை முன்பே பிரித்துவிட்டுத்தான் அடுப்பேற்றுகிறார்கள். கிடைக்கும் பாகு கறுப்பு, லேசான புளிப்பு, கசப்பின் சாயல். தோசைபோல் சுடும் பான்கேக்கில் ஊற்றினால் ஏமாற்றம்தான். வறுத்த இறைச்சியிலும் மீனிலும் தடவினால் அருமை.

அடுப்பில்லாத வழி ஒன்றும் பிர்ச்சுக்கு உண்டு, அதுவே அதற்கு மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பால்டிக் நாடுகளிலும் பிர்ச் நீரைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கிறார்கள். லாட்வியாவில் உலர்திராட்சை போட்டு மூடிவைத்து, நுரைக்கும் பானமாகவும் ஆக்குகிறார்கள். வட அமெரிக்காவின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களிடம் இரு மரங்களும் சேர்ந்தே இருந்தன. ஐரோப்பியர் வருமுன்பே மேப்பிள் நீரைச் சர்க்கரைக் கட்டியாக வற்றவைத்து, பிர்ச் பட்டையில் தைத்த பெட்டிகளில் ஆண்டு முழுக்கச் சேமித்தார்கள்.

இரண்டு மரத்திடமும் வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. நெஞ்சு உயரத்தில் 25 சென்டிமீட்டர் விட்டமில்லாத மரத்தைத் தொடவே கூடாது, வாளிக்காரருக்கு மரத்துக்கு ஒரு துளை போதும். மேப்பிள் தன் காயத்தை இறுக்கமாக வேலி கட்டிக்கொள்ளும். பிர்ச்சால் அவ்வளவு முடியாது, துளைக்கு மேலும் கீழும் பழுப்புக் கறை நீண்டுபோகும். எனவே ஆண்டுதோறும் துளையிட ஏற்றது மேப்பிளே, பிர்ச்சுக்கு இடைவெளி விடுவது நல்லது. பருவம் முடிந்ததும் குழலை உருவிவிட்டு, துளையில் எதையும் அடைக்காமல் விட வேண்டும். அடுத்த ஆண்டுத் துளை அதிலிருந்து பக்கவாட்டிலும் மேல்கீழிலும் நன்றாக விலகியிருக்க வேண்டும்.