ஒரே பலகை, ஒரே பந்தி: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சமத்துவத்தின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கட்டடம் பெரும்பாலும் கிடையாது. வசதியுள்ள ஒருவரின் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ச்சாவடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் வாத்தியார் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வருவார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களை மேய்ப்பான். வாத்தியாரின் வரும்படி பெரும்பாலும் தானியமும் சிறு காசும்தான். யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று இந்த ஏற்பாட்டில் எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. ஊர்த்தெருவில் நடக்கவே தடையுள்ள சேரிப் பிள்ளை அந்தத் தெருவின் திண்ணையில் ஏற முடியாது. பள்ளி இருந்த இடமே சேர்க்கை விதியாக இருந்தது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களில் பெண்கள் சுமார் 4,500 பேர்தான். தமிழ் மாவட்டங்களில் ‘சூத்திரர்’ என்ற தலைப்பின்கீழ் வந்த பிள்ளைகளே பெரும்பான்மை என்பதைக் காட்டி, பழைய கல்வி எல்லோருக்கும் திறந்திருந்தது என்று வரலாற்றாய்வாளர் தரம்பால் போன்றோர் பின்னாளில் வாதிட்டனர். பிராமணர் மட்டுமே படித்தனர் என்ற எண்ணத்தை அந்தக் கணக்கு உடைத்தது உண்மை. ஆனால் அந்தத் தலைப்புக்குள் அடங்கியவர்கள் நிலமுள்ள வேளாண் சாதியாரும் வணிகரும் கைவினைஞருமே. சேரிப் பிள்ளைகள் வேறு தலைப்பில் இருந்தார்கள், பெரும்பாலான ஊர்களில் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள்.

முதல் மோதல்கள் மிஷன் பள்ளிகளில் நடந்தன. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. தொடங்கிய மறு ஆண்டே, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் அங்கே சேர்ந்திருப்பது தெரிந்து மேல்சாதிப் பெற்றோர் கிளர்ந்தனர். அந்தச் சிறுவர்களை நீக்க வேண்டும், இல்லையென்றால் தனி இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்றனர். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. பல மாணவர்கள் வெளியேறினார்கள். ஆங்கிலப் படிப்பின் ஆசை அவர்களில் பலரைத் திருப்பி அழைத்துவந்தது. வேலைக்கு வழிகாட்டும் பள்ளி உறுதியாக நின்றால் சாதி வளைந்துகொடுக்கும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று. அரசு இந்தப் பாடத்தைக் கற்க மிக நீண்ட காலம் பிடித்தது.

1856இல் பம்பாய் மாகாணத்தின் தார்வாரில் மகர் சாதிச் சிறுவன் ஒருவனை அரசுப் பள்ளி சேர்க்க மறுத்தது. அவனுடைய மனு மேலே மேலே போய், அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்ற கொள்கை 1858இல் லண்டனிலிருந்து வந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் அதை உறுதிசெய்தது. கூடவே, எதிர்ப்புள்ள இடங்களில் அவசரப்பட வேண்டாம், தனிப் பள்ளிகள் அமைக்கலாம் என்றும் சொன்னது. கொள்கை ஏட்டில் இருந்தது, தனிப் பள்ளி நடப்பில் இருந்தது. அடுத்த நூறாண்டின் கல்வி வரலாறு இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஊசலாடியது. தனிப் பள்ளி செலவு குறைந்த வழி, சச்சரவு இல்லாத வழி என்பதால் அதிகாரிகளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை 1890களின் தொடக்கத்தில் அரசை அசைத்தது. ஒதுக்கப்பட்ட சாதியாருக்கென அரசு வழங்கிய பஞ்சமி நிலங்கள் அந்த அறிக்கையின் விளைவு. பஞ்சமர் கல்விக்கான சிறப்புப் பள்ளிகளும் உதவித்தொகைகளும் அதே பத்தாண்டில் வந்தன. 1894இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாறு அருகே இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். சென்னையில் அத்தகைய பள்ளிகள் ஐந்தாகப் பெருகின. அவற்றின் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியும் இருந்தது. 1916இல் சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். இவையும் தனிப் பள்ளிகளே. ஆனால் அரசு ஒதுக்கித் தந்த பள்ளிக்கும் ஒதுக்கப்பட்டவர்கள் தாமே எழுப்பிய பள்ளிக்கும் வேறுபாடு உண்டு. பின்னதில் ஆசிரியரும் நிர்வாகியும் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தனர். அங்கே பிள்ளைகள் மூலையில் உட்காரவேண்டியதில்லை.

இடம் கிடைக்காத துயரம் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு நிற்கவில்லை. சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்கு வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் உண்ணவும் விடுதி கிடைப்பது அரிதாக இருந்தது. பல உணவகங்களில் அவர்களுக்கு உள்ளே இலை விழாது. டாக்டர் நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். நீதிக்கட்சி அரசியலின் வேர்களில் ஒன்று இந்தச் சாப்பாட்டுக் கூடம்.

எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபின் அவர் கேட்டது தனிப் பள்ளி அல்ல, பொதுப் பள்ளியில் இடம். உள்ளாட்சிப் பள்ளிகள் அக்ரகாரத்திலும் கோயில் வளாகத்திலும் நடக்கும்வரை சேர்க்கை உரிமை வெறும் தாள்தான் என்ற வாதத்தை அரசு மெல்ல ஏற்றது; எல்லோரும் போகக்கூடிய இடத்துக்குப் பள்ளிகளை மாற்றச் சொல்லி ஆணைகள் வந்தன. அதே வேளையில் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கெனத் தனிப் பள்ளிகளைத் திறந்துகொண்டே போனது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவற்றின் வழிவந்தவை. சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நிழலில் மதுரை வட்டாரத்தில் 1920களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எழுந்தன. கண்காணிப்புக்காகத் தொடங்கிய ஒரு திட்டம் பல தலைமுறைகளுக்குப் படிப்பைத் தந்தது என்பது வரலாற்றின் வினோதங்களில் ஒன்று.

ஒரு பந்தி மாகாண அரசியலின் போக்கையே மாற்றியது சேரன்மாதேவியில். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் ஆங்கிலக் கல்விக்கு மாற்றாக, தாய்மொழிப் பாடமும் உடற்பயிற்சியும் உழவும் கைத்தொழிலும் சேர்ந்த தேசியப் பள்ளி. எல்லாச் சாதியாரிடமும் நன்கொடை பெற்றது. தமிழ்நாடு காங்கிரஸ் ரூ.10,000 தர ஒப்புக்கொண்டு பாதியைக் கொடுத்தும் விட்டது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்படுவது 1924இல் வெளியே தெரிந்தது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். பொதுப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பிறப்பால் பிரிக்கும் பந்தி கூடாது என்றார்கள் பெ. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும். ஐயர் தம் வாழ்வில் சாதி பார்த்தவர் அல்லர் என்பதை எதிர்த்தவர்களே மறுக்கவில்லை. சிக்கல் அவருடைய மனத்தில் இல்லை, அவர் ஏற்ற விதிவிலக்கில் இருந்தது.

காந்தி நடுவழி ஒன்று சொன்னார்: அந்த இருவரின் பெற்றோர் வற்புறுத்தினால் கொடுத்த வாக்கைக் காப்பது, இனிமேல் அப்படி யாரையும் சேர்க்காமல் இருப்பது. அது இரு தரப்பாரின் கோபத்தையும் தணிக்கவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் குழுவில், தேசிய இயக்கத்தைச் சேர்ந்த எந்த அமைப்பிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதை ஏற்காத ராஜாஜி முதலியோர் குழுவிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டார். அந்த ஜூன் 3ஆம் நாள் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். ஆண்டு முடிவதற்குள் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததே அவர் வெளியேற நேர்க் காரணம். ஆனால் குருகுலம் ஏற்படுத்திய கசப்பு இல்லாமல் அந்த முறிவைப் புரிந்துகொள்ள முடியாது.

பாக் நீரிணைக்கு அப்பாலும் அதே வழக்கு நடந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ தனியிடத்திலோ உட்காரவைக்கப்பட்டனர். அரசு உதவிபெறும் பள்ளிகளில் எல்லோரும் சமமாக அமர வேண்டும் என்ற விதி 1920களின் இறுதியில் வந்தபோது, வேளாளர் சிலர் மனு எழுதினர், சில பள்ளிகள் தீக்கிரையாயின. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் தன் கொள்கையாக்கி, சேர்ந்துண்ணலைத் தானே செய்து காட்டியது.

பள்ளியே சோறு போட்டபோது பந்தியின் பொருள் மாறியது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கியது. 165 பிள்ளைகள் உண்டார்கள். மேலும் சில பள்ளிகளுக்கு அது பரவியது. தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிட அரசு தடைபோட்டதால் 1925இல் நின்று, பிறகு சிறிய அளவில் மீண்டது. அதன் நோக்கம் வருகையைக் கூட்டுவதே. கூலிக்குப் போகும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க வேறு வழி இல்லை என்பதை அந்த மாநகராட்சி கண்டுகொண்டது.

ராஜாஜி அரசு 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநேரப் படிப்பையும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழில் பழகுவதையும் கொண்டுவந்தது. எதிர்ப்பாளர்கள் அதைக் ‘குலக்கல்வி’ என்றார்கள்; 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார். நெல்லும் பருப்பும் ஊரார் தந்தவை, மீதி அரசு தந்தது. சோற்றுக்கு நன்கொடை கொடுத்த ஊர்ப் பெரியவருக்கு, யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்பது கடினமாயிற்று. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இலவசச் சீருடையும் அந்த ஆண்டுகளில் வந்தன. சீருடை ஏழ்மையைப் போக்கவில்லை, ஆனால் அதை உடையில் படிக்கவிடாமல் செய்தது.

1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோது அளவு பெரிதாயிற்று. அத்திட்டம் ஊர்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு வேலை தந்தது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. பழைய கேள்வி இங்கே தலைகீழாகத் திரும்பி வந்தது. யாரோடு உண்பது என்பது போய், யார் சமைத்ததை உண்பது என்றாயிற்று. தலித் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று பெற்றோர் தடுத்த நிகழ்ச்சிகள் திருப்பூர் மாவட்டத்தில் 2018இலும், காலை உணவுத் திட்டம் பரவியபின் கரூர் மாவட்டத்தில் 2023இலும் செய்தியாயின. அதிகாரிகள் பள்ளிக்கே சென்று அந்தச் சோற்றை உண்டு காட்டவேண்டியிருந்தது.

பெண்களின் நுழைவும் இதேபோல் விதிவிலக்குகளோடு வந்தது. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்தது எதிர்ப்புகளை மீறி மன்னரின் இசைவால். சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்காக 1912இல் திறந்த இல்லம் தைரியமான முயற்சி. ஆனால் அது பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமானது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கோ தனிப் பள்ளியே நெடுங்காலம் ஒரே வழி. பாளையங்கோட்டையில் மிஷன் பெண்களான ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும் ஸ்வெயின்சன் காது கேளாதோருக்கும் 1890களை ஒட்டித் தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பொது வகுப்பறையிலேயே அவர்களுக்கு இடம் என்ற கருத்து 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வலுப்பெற்றது. பிரெயிலும் சைகைமொழியும் அறிந்த ஆசிரியர் பொதுப் பள்ளியில் இல்லாதவரை, தனிப் பள்ளியை எளிதில் குறைசொல்ல முடியாது.

பிரிவினை பாடத்திட்டத்திலும் இருந்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு வாரியங்களை இணைத்த சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நடைமுறைப்படுத்தவைத்தது. புத்தகம் ஒன்றாயிற்று, கட்டணமும் கட்டடமும் அப்படி ஆகவில்லை.

தென்மாவட்டங்களில் சீருடையின் மேல் சாதி வேறு வழியில் ஏறியது. மணிக்கட்டில் வண்ணக் கயிறு, நெற்றியில் வேறுபட்ட பொட்டு என்று மாணவர்கள் தம் சாதியை அறிவித்துக்கொண்டனர். இவற்றைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை 2019இல் அனுப்பிய சுற்றறிக்கை அரசியல் எதிர்ப்பில் அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டியபின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை கயிறுக்கும் நெற்றி அடையாளத்துக்கும் தடை கேட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையோடு சேர்க்கவும் பரிந்துரைத்தது. பின்னதை எதிர்த்தவர்களில் அப்பள்ளிகளால் முன்னேறிய சமூகத்தாரும் இருந்தனர். அந்த நிலமும் கட்டடமும் வேலைவாய்ப்பும் தங்கள் முன்னோர் பெற்ற உரிமை, பொதுத்துறைக்குள் போனால் கரைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் அனைத்தும் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பெயர் பொதுவாயிற்று, விடுதிகளை நடத்தும் துறைகள் முன்போலவே தனித்தனியாக இருக்கின்றன.