நெல்லு ஊருக்குள்ள கடல் ஞாபகம்

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. சோழர் காலத்து வெண்கலச் சிலையெல்லாம் பார்த்துட்டு அப்படியே படியேறிப் போனா, திடீர்னு ஒரு திமிங்கல எலும்புக்கூடு கிடக்கும். 92 அடி நீளம். 1955 பிப்ரவரியில தரங்கம்பாடியில கரை ஒதுங்கினது. வர்ற கூட்டம் நடராஜரைக் கும்பிட்டுட்டு, இதைப் பார்த்ததும் "இது இங்க எதுக்குடா?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கும். நியாயமான கேள்விதான். கடல் எங்கயோ தள்ளி அந்தப் பக்கம் இருக்கு. தஞ்சாவூர்னா நெல்லு, தலையாட்டி பொம்மை, பெரிய கோயில். கடலை யாரும் கணக்குல சேர்க்கறதில்ல.

ஆனா இந்த ராஜாக்கள் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாங்க. ராஜேந்திர சோழனோட 1025 படையெடுப்பு எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை விட்டுடறேன். மராட்டிய அரசர் பிரதாப சிம்மர் நாகூர் தர்காவோட பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார், 131 அடி. நாகூர் ஆண்டவர் கடலோடிகளுக்குக் காவல்னு நம்பற ஊர் அது. இரண்டாம் சரபோஜி மல்லிப்பட்டினம் பக்கத்துல சரபேந்திரராஜன்பட்டினத்துல மனோராவைக் கட்டினார். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடிச்சதுக்கு நினைவுச் சின்னமாம்! நம்ம பட்டுக்கோட்டைக் கரைக்கும் நெப்போலியனுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்கும் எனக்கு சிரிப்பு வரும். ஆனா கடல்ல இருந்து பார்த்தா தெரியற மாதிரி ஒரு கோபுரம் வேணும்னு அவருக்குத் தோணியிருக்கு பாருங்க.

சரி, தரங்கம்பாடிக்கு வருவோம்.

டென்மார்க் அரசர் நாலாம் கிறிஸ்டியான் காலத்துல 1616-ல அவங்க கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1618-ல ஓவ் ஜெட்டே என்கிற இருபத்து நாலு வயசுப் பையன் தலைமையில கப்பல்கள் கிளம்பிச்சு. முதல்ல குறி இலங்கை, கண்டி ராஜா. அது சரியா வரல. அதுக்கு முன்னாடியே அனுப்பின ஒரு கப்பலை காரைக்கால் பக்கம் போர்ச்சுகீசியர் அடிச்சு நொறுக்கிட்டாங்க. அதுல தப்பின ரோலண்ட் கிராப்பே என்கிறவரும் பதிமூணு பேரும் தஞ்சாவூர் நாயக்கர் அரண்மனைக்கு வந்து சேர்ந்தாங்க. அதாவது, இந்தக் கதை ஆரம்பிக்கிறதே கப்பல் உடைஞ்சு கரையேறின ஒரு கூட்டத்துக்கு ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்ததுல இருந்துதான். 1620 நவம்பர்ல ஒப்பந்தம். ஆண்டு வாடகை 3,111 ரூபாய். டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்க ஏட்டுல ஒரு கடிதம் அனுப்பினார். தமிழ்ல எழுதி, கையெழுத்து மட்டும் தெலுங்குல. அந்த ஏடு இப்பவும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. தங்கம்கறதால உருக்காம வச்சிருக்காங்களேன்னு ஆச்சரியப்படற ஊர்க்காரன் நான்.

அவங்க வரும்போது அங்க வெறும் மணல்மேடு இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. கடற்கரையில இருக்கற மாசிலாமணி நாதர் கோயில் 1306-ஐச் சேர்ந்தது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். அந்தக் கல்வெட்டுல ஊர்ப்பேரு சடங்கன்பாடி. கோயிலோட முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சு. கோட்டை நானூறு வருஷம், கோயில் எழுநூறு வருஷம். ஆனா பெயர்ப்பலகையில எது பெருசா இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

டேனிஷ்காரங்க கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, யாரும் பெருமையா சொல்லிக்காத ஒரு முப்பது வருஷம். கம்பெனி நொடிச்சுப் போய், ஊர்ல இருந்து கப்பலே வரல. 1669-ல 'ஃபேரோ' கப்பல் வர்ற வரைக்கும் இருபத்தொன்பது வருஷம் தொடர்பே இல்ல. ஒவ்வொருத்தரா செத்தும் போனாங்க, ஓடியும் போனாங்க. கடைசியில கோட்டையில மிஞ்சின டேனிஷ்காரர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. எழுதப் படிக்கத் தெரியாதவர். தஞ்சாவூர்ப் படை முற்றுகை போட்டப்போ எல்லாம் தாக்குப் பிடிச்சார், வங்காள விரிகுடாவுல போற கப்பலை மடக்கிச் சாமான்களைப் பிடுங்கினார், அந்தக் காசுல ஊரைச் சுத்தி மதில் கட்டினார். நேராச் சொன்னா கடற்கொள்ளை. 'ஃபேரோ' வந்ததும் அவரையே கவர்னர் ஆக்கிட்டாங்க!

அப்புறம் 1706-ல சீகன்பால்கு வந்து இறங்கினது, தமிழ் அச்சுக்கூடம், 1715-ல புதிய ஏற்பாடு அச்சாகி முடிஞ்சது, பொறையாறுல காகித ஆலை, இதெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. 1845-ல தரங்கம்பாடியையும் வங்காளத்துல செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு வித்துட்டு கிளம்பிட்டாங்க. அதோட ஊர் தூங்கிப் போச்சு.

இப்போ சங்கம், சேவை விஷயம்.

நம்ம டெல்டாவுல எந்த டவுனுக்குள்ள நுழைஞ்சாலும் முதல்ல வரவேற்கறது ரோட்டரி சக்கரமும் லயன்ஸ் சிங்கமும்தான். பல ஊர்ல 'நல்வரவு' பலகையே அவங்க வச்சதுதான். கிண்டல் பண்ணல. லயன்ஸ்காரங்க ஏன் எப்பப் பார்த்தாலும் கண் சிகிச்சை முகாமே நடத்தறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? 1925-ல அமெரிக்காவுல அவங்க மாநாட்டுல ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றவங்களுக்காக உழைக்கணும்னு கேட்டுக்கிட்டாங்க. அந்த ஒரு பேச்சு, நூறு வருஷம் கழிச்சு மன்னார்குடியில ஒரு பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷனா வந்து சேருது. ரோட்டரி 1985-ல போலியோவைக் கையில எடுத்துச்சு. இந்தியாவுல கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி, போலியோ இல்லாத நாடுன்னு அறிவிப்பு 2014 மார்ச். ஊர் ஊரா சொட்டு மருந்து முகாம்ல பிஸ்கட் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்த நம்ம ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கும், உரக்கடை முதலாளிக்கும் இதுல பங்கு இருக்கு.

ஆனா இந்த மாதிரி சங்கங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைன்னா அது ஒரு வருஷத்துக்குள்ள முடியணும். ஏன்னா தலைவர் பதவி ஒரு வருஷம்தான். ஜூலையில பதவியேற்பு, அடுத்த ஜூன்ல அறிக்கை. அதுக்குள்ள எத்தனை கண், எத்தனை தையல் மிஷின், எத்தனை மரக்கன்றுன்னு எண்ணிக் காட்டணும், போட்டோ எடுக்கணும். எண்ண முடியாத வேலை எதுவும் இந்தக் கணக்குல நுழையாது. அருங்காட்சியகம் எண்ண முடியாத வேலை. திறந்த மறுநாள்ல இருந்துதான் செலவே ஆரம்பிக்குது. அதுவும் கடற்கரையில. உப்புக்காத்து இரும்பைத் தின்னும், ஈரம் காகிதத்தைத் தின்னும், மரத்தைக் கரையான் பார்த்துக்கும்.

அதனாலதான் தரங்கம்பாடி கதை எனக்கு முக்கியமாப் படுது. டென்மார்க்ல 2002 வாக்குல ஆரம்பிச்ச தரங்கம்பாடி சங்கம், நம்ம ஊர் கிளப் மாதிரியே தன்னார்வலர்கள் சேர்ந்த அமைப்புதான். டேனிஷ் தன்னார்வலர்களும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து டேன்ஸ்போர்க் கோட்டையைச் செப்பனிட்டாங்க. கோட்டைக்குள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கு. பீங்கான், வாள், சின்ன பீரங்கிக் குண்டு, ஏன், அங்கயும் கொஞ்சம் திமிங்கல எலும்பு! அதுக்கு வெளியே சங்கத்தார் தனியா ஒரு கடல்சார் அருங்காட்சியகம் நடத்தறாங்க. டேனிஷ் கப்பல் சமாச்சாரம் மட்டும் இல்ல, நம்ம மீனவர்களோட படகும், சுனாமி பத்தின படங்களும் அங்க இருக்கு.

சுனாமி. 2004 டிசம்பர் 26. அப்போ தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்துல இருந்துச்சு (மயிலாடுதுறை மாவட்டம் 2020 டிசம்பர்லதான் வந்துச்சு). அந்த ஒரு மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. இதைப் பத்தி நான் அதிகம் எழுதப் போறதில்ல.

அடுத்து நடந்ததைச் சொல்லணும். உலகம் பூரா இருந்து உதவி கொட்டுச்சு. சேவை அமைப்புகள் வீடு கட்டிக் கொடுத்தாங்க, வலை கொடுத்தாங்க, முக்கியமா ஃபைபர் படகு கொடுத்தாங்க. படகு கொடுக்கறதுதான் எண்ணறதுக்கு ரொம்ப சுலபம், பேரும் எழுதலாம், போட்டோவும் நல்லா வரும். ஒரு கட்டத்துல கரையில மீனவர்களைவிட படகு ஜாஸ்தியோன்னு பேச்சு வர்ற அளவுக்கு ஃபைபர் குவிஞ்சுச்சு. தப்பு சொல்ல முடியாது. பிழைப்பு போனவனுக்கு முதல்ல பிழைப்பைத்தான் கொடுக்கணும். ஆனா அதோட கட்டுமரம் போச்சு. ஏற்கனவே குறைஞ்சுக்கிட்டு வந்ததுதான், அந்த ரெண்டு மூணு வருஷத்துல வேகமாப் போச்சு.

கட்டுமரத்துல ஆணி கிடையாது. லேசான மரத்தைச் செதுக்கி, பக்கத்துல பக்கத்துல வச்சு, கயித்தால கட்டறது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து காயப்போடுவாங்க, மறுநாள் திரும்பக் கட்டுவாங்க. தினமும் பிரிச்சு தினமும் சேர்க்கற கலம்! அலை அடிச்சா தண்ணி மேல ஏறி இடுக்கு வழியா இறங்கிடும், உள்ள நிக்கறதுக்கு 'உள்ள'ன்னு ஒண்ணு இருந்தாத்தானே மூழ்கறதுக்கு. இங்கிலீஷ்ல 'கட்டமரான்'னு ஒரு வார்த்தை இருக்கே, நம்ம கரையில இருந்து போனது. டாம்பியர் என்கிற மாலுமி 1697-லயே புத்தகத்துல எழுதிட்டார். இன்னிக்கு உலகம் அந்தப் பேரை வச்சுக் கூப்பிடறது ரெண்டு உடம்பு ஒட்டின சொகுசுப் படகை. பேரு போன இடத்துக்கு மரம் போகல.

இதைக் கட்டத் தெரிஞ்ச கை ஒரு இருபது வருஷத்துல இருக்காது. எந்தத் தடிமன்ல செதுக்கணும், எந்த முடிச்சு, எந்தப் பக்கம் முதல்ல இழுக்கணும், இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் முழுசா இல்ல, கையிலதான் இருக்கு. அருங்காட்சியகத்துல ஒரு கட்டுமரத்தை வச்சுட்டா போதுமான்னு கேட்டா, போதாது. ஆனா அதுகூட இல்லாம என்னத்தை வச்சுக் கேக்கறது?

தரங்கம்பாடி கடல் அருங்காட்சியகத்து மேல எனக்கு ஒரு குறையும் உண்டு. டென்மார்க்ல இருந்து வந்தவங்க நடத்தறதால அவங்க வந்த கதை அங்க நல்லா இருக்கு. நாம போன கதை? அதை அவங்க எப்படி சொல்ல முடியும், அது நம்ம வேலை இல்லையா. நாகப்பட்டினத்துல இருந்து பினாங்குக்குப் போன 'ராஜுலா' கப்பலைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1926-ல கட்டினது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் ஓடுச்சு. ஆரம்பத்துல ஐயாயிரத்துக்கும் மேல டெக் பயணிகளை ஏத்த அனுமதி. டெக்னா என்ன, திறந்த தளத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கறது. நாகப்பட்டினத்துல கப்பல் கரை வரைக்கும் வராது, படகுல போய்த்தான் ஏறணும். பொறையாறு, காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர், திருவாரூர்ப் பக்கம் எந்தத் தெருவுல கேட்டாலும் "எங்க தாத்தா ராஜுலாவுல போனாரு"ன்னு ஒரு வீடு இருக்கும். தோட்டத்துக்குக் கூலியாப் போனவங்களும் அதே கப்பல்தான், கடை வைக்கப் போனவங்களும் அதே கப்பல்தான்.

அந்தக் கப்பலுக்கு நாகப்பட்டினத்துல ஒரு அறை உண்டா? சிங்கப்பூர்ல நாகூர் தர்கா ஒண்ணு 1830 வாக்குல கட்டினாங்க, இங்கிருந்து போனவங்க கட்டினது. அது 2011-ல இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமா மாறிடுச்சு. நாகூர்ல இருந்து கடல் தாண்டினவங்க ஞாபகத்துக்கு அந்தக் கரையில இடம் இருக்கு, இந்தக் கரையில டிரங்குப் பெட்டியைப் பரண் மேல ஏத்தி வச்சிருக்கோம்.

கடலுக்கு அடியில தேடினவங்களும் உண்டு. கோவாவுல இருக்கற தேசிய கடலாய்வு நிறுவனத்துக்காரங்க பூம்புகாருக்கு எதிரே மூழ்கித் தேடினப்போ, சிலப்பதிகாரத்துப் பட்டினத்தைத் தேடிப் போன இடத்துல ஒரு உடைஞ்ச கப்பல் கிடைச்சுது. அதுல ஈயக் கட்டிகள். மேல 'டபிள்யூ. பிளாக்கெட்'னு பேரும், 1791, 1792-னு வருஷமும் பதிச்சிருக்கு. இங்கிலாந்து சுரங்கத்து ஈயம், காவிரிப்பூம்பட்டினத்துக் கடலடியில. இருநூறு வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தும் எழுத்து அழியல. அதே இருநூறு வருஷம் கரைமேல இருந்திருந்தா எடைக்குப் போயிருக்கும்.

டெல்டாவுல ஏதாவது ஒரு சங்கத்துல தலைவராவோ செயலாளராவோ இருக்கற நண்பர் யாராவது இதைப் படிச்சா, ஒரு யோசனை. புதுசா கட்டடம் வேண்டாம். கண் முகாமுக்கு வர்ற தாத்தா பாட்டிகிட்ட பேரு, வயசு கேட்டு எழுதறீங்க இல்ல, கூட ஒரு கேள்வி: "கப்பல்ல போயிருக்கீங்களா?" போயிருந்தா, ஒரு செல்போன்ல பத்து நிமிஷம் பேச வச்சுப் பதிவு பண்ணுங்க. மீனவர் குப்பத்துல முகாம்னா "கட்டுமரம் கட்டுவீங்களா?" இதையும் எண்ணலாம், அறிக்கையில போடலாம். ராஜுலா கடைசியா ஓடினப்போ பத்து வயசுல போனவருக்கே இப்போ அறுபது தாண்டிடுச்சு.

மத்தவங்களுக்கு: பரண்ல பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், பினாங்கு ஸ்டாம்ப் ஒட்டின கடுதாசி ஏதாவது கிடந்தா, பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க. டிரங்குப் பெட்டி மூடியோட உள்பக்கத்தையும் பாருங்க, பேரும் ஊரும் வெள்ளைப் பெயின்ட்ல எழுதியிருப்பாங்க.