தங்கவயல்: உறங்குமிடமும் உழைக்குமிடமும்

2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்காக அரசாங்கக் கணக்கர்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்று, மார்ச் 1-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவையே கணக்குக்குரிய க்ஷணமாகக் கொண்டார்கள். கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் அதே பிப்ரவரி 28-ஆம் தேதியன்றுதான். கழிந்த ஓராண்டின் தொழிலைக் கேட்டெழுதிய ஏட்டில் சுரங்கத் தொழிலாளியாகப் பதிவானவன், அவ்வேடு செல்லுபடியாகும் நொடியில் தொழிலற்று நின்றான். தற்செயல்தான், எனினும், ஒரு தொழிலாளர் நகரத்தைத் தலைக்கணக்கால் மட்டும் அளப்பதன் குறையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன்.

அந்நகரம் தோன்றிய விதமே குடியையும் ஜீவனத்தையும் ஒரே முடிச்சாகக் கட்டியிருந்தது. 1880-இல் ஜான் டெய்லர் என்னும் சுரங்கக் கம்பெனி காலூன்றிய பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து, கிராமத்துப் பண்ணையடிமையையும் பஞ்சத்தையும் ஒருங்கே உதறிவிட்டு வந்த மக்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர், சுரங்கப் பாதாளத்தில் இறங்கினர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1901-இல் ஜனத்தொகை 38,000-ஐத் தாண்டியது. 1902-இல், பெங்களூருக்கும் முன்னதாகவே, சிவசமுத்திரத்து மின்சாரம் இங்கே வந்து சேர்ந்தது. ஆனால் கம்பெனி தொழிலாளருக்குக் கொடுத்த 'லைன்' வீடு கூலியின் அனுபந்தமே: வேலை போனால் கூரையும் போகும்.

கணக்கிடப்படுவதை இம்மக்கள் என்றும் சும்மா ஏற்றுக்கொண்டவர்களும் அல்லர். 1930-இல், குற்றவாளிகளைப்போல் தம்மிடம் விரல்ரேகை வாங்கிப் பதிவுசெய்ய முற்பட்டதை எதிர்த்து, ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைக்கிறங்காமல் நின்றார்கள். வெறும் தலைக்கணக்காக வாழ்ந்தவர்களும் அல்லர்: அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது இவ்வூரிலிருந்துதான். கூலி நகரம் என்று நாம் எழுதும்போது, அக்கூலியில் ஒரு பங்கு புத்தகத்துக்கும் போயிற்று என்பதைச் சேர்த்தெழுத மறந்துவிடுகிறோம்.

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கத்தில் தாது மெலிந்து செலவு வரவை விஞ்சியபோது, தொழில் போனால் ஊரும் கலைந்துவிடும் என்றே பொருளாதாரப் பாடம் படித்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் பத்தாண்டு கழிந்து 2011-இல் எண்ணியபோது, தங்கவயலை உள்ளடக்கிய ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்குள் 1,60,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். 'பேய் நகரம்' என்று அதற்குப் பெயர் சூட்டுவோர் இந்த எண்ணைப் பார்ப்பதேயில்லை. 1964-இல் நிறுவப்பட்ட பெமல் நிறுவனத்தின் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை சிலருக்குப் பிழைப்பளித்தது மெய்யே. ஆயினும் அத்தனை பேருக்கும் அது போதாது. என் கருத்தில், வேலையின் அனுபந்தமாயிருந்த வீடே வேலை போனபின் ஒரே முதலாக எஞ்சிற்று. பெங்களூர் வாடகையை எந்தக் கூலியும் தாங்காதபடியால், மக்கள் வீட்டை வைத்துக்கொண்டு கூலியை மட்டும் வெளியே தேடினார்கள்.

ஆதலின் தங்கவயலின் பொருளாதாரத்தை அவ்வூரின் எல்லைக்குள் தேடுவது வீண். தங்கவயலின் கடைசி ரயில் நிலையமான மாரிக்குப்பத்தில் இருள் பிரியுமுன் புறப்படும் ரயிலில் அது பிரயாணம் செய்து, வைட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் கண்டோன்மென்டிலும் சிறிது சிறிதாக இறங்கிப் பெங்களூரின் கணக்கில் கரைந்துவிடுகிறது. இரவில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் அடியில் திரும்பிவந்து படுக்கும் உடல்களை மட்டுமே குடிமதிப்பு ஏடு தங்கவயலுக்கென்று எழுதிக்கொள்கிறது.