வெனிஸிலிருந்து சென்னப்பட்டணம் – 4: எண்பது ரூபாய் சம்பளம்

1656 ஜூன். கோடை உச்சத்தில் இருந்தது. ஆக்ராவிலிருந்து டெல்லிக்குப் போகும் பாதையில், ஹோடல் என்ற ஊரில் பெல்லமாண்ட் பிரபு உயிரை விட்டார். நாடிழந்து நின்ற இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்காகப் பாரசீகத்திடமும் முகலாயரிடமும் உதவி கேட்கக் கிளம்பிய தூதர் அவர். வெனிஸில் கப்பலுக்குள் ஒளிந்து ஏறிய பதினான்கு வயது நிக்கோலோ மனூச்சியை வேலைக்கு வைத்துக்கொண்டு ஸ்மிர்னா, இஸ்ஃபஹான், சூரத் என்று கூட்டி வந்தவரும் அவர்தான்.

பையனுக்கு இப்போது பதினெட்டு வயது. அழக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் இருவர் வந்து, பாதுஷாவின் உத்தரவு என்று சொல்லி, பிரபுவின் உடைமைகளையெல்லாம் அள்ளிக்கொண்டார்கள். அதில் மனூச்சியின் சொந்த மூட்டையும் சேர்ந்து போயிற்று.

வேறொருவனாக இருந்தால் சூரத்துக்குத் திரும்பி, ஊருக்குப் போகக் கப்பல் தேடியிருப்பான். மனூச்சி டெல்லிக்கே போய் தர்பாரில் முறையிட்டான். வழிநெடுகப் பொறுக்கி வைத்திருந்த துருக்கியும் பாரசீகமும் கைகொடுத்தன. அவனுடைய பொருள் அவனிடம் வந்து சேர்ந்தது.

பாதுஷா ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவிடம் ஆஜரானபோதும் அப்படித்தான். முறைப்படி சலாம் வைத்து, பாரசீகத்தில் பதில் சொன்ன ஐரோப்பியப் பையனை தாராவுக்குப் பிடித்துப்போயிற்று. பீரங்கிப் படையில் இடம். மாதம் எண்பது ரூபாய் சம்பளம்.

வேலை ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. பீரங்கியைத் தள்ளுவதும் மருந்து கெட்டிப்பதும் குண்டு போடுவதும் உள்ளூர் ஆட்களின் பாடு. ஃபிரங்கிகள், அதாவது ஐரோப்பியர்கள், வந்து குறி மட்டும் பார்த்தால் போதும். இந்தச் சலுகையை மனூச்சியே பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார். வெயிலில் வெந்த அந்த உள்ளூர் ஆட்களில் ஒருவராவது எழுதியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

இந்தச் சொகுசு இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. 1657 செப்டம்பரில் ஷாஜகான் படுத்த படுக்கையானார். நான்கு மகன்களும் வாளை உருவினார்கள். அவுரங்கசீப் தக்காணத்திலிருந்தும் முராத் குஜராத்திலிருந்தும் புறப்பட்டு, நடுவழியில் சேர்ந்து, ஆக்ராவை நெருங்கினார்கள்.

1658 மே 29. ஆக்ராவுக்குக் கிழக்கே, யமுனைக்கரைப் பக்கம் சாமுகர். எதிரியின் குதிரைகள் புகுந்துவிடாதபடி தாராவின் பீரங்கிகளைச் சங்கிலியால் பிணைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையில் ஒருவனாக மனூச்சி. இரும்புக் கவசத்துக்குள் மனிதர்கள் வெந்துகொண்டிருந்த வெயில் அது. தாரா அவசரப்பட்டான். குண்டு எட்டாத தூரத்திலேயே சுடச் சொல்லிவிட்டான். ஒரே புகை, ஒரே இரைச்சல். அந்தப் பக்கத்திலிருந்து பேருக்குத்தான் பதில் வந்தது. அவுரங்கசீப் மருந்தை மிச்சம் பிடித்துக் காத்திருந்தான்.

புகைக்குள்ளிருந்து வெற்றி என்று நினைத்துக்கொண்ட தாரா, தன் பீரங்கி வரிசையைத் தாண்டிப் பாய்ந்தான். அதோடு அவன் பக்கத்துப் பீரங்கிகளுக்கு வேலை போயிற்று. முன்னால் நிற்பது சொந்தப் படையென்றால் எங்கே சுடுவது?

ஆனாலும் தாராவின் குதிரைப்படை கடுமையாக மோதியது. ராஜபுத்திரர்கள் அவுரங்கசீப்பின் யானை வரைக்கும் வந்துவிட்டார்கள். அவன் அசையவில்லை. யானை திரும்பி ஓடாதபடி அதன் காலுக்குச் சங்கிலி போடச் சொன்னான் என்கிறார்கள்.

தாராவோ யானையிலிருந்து இறங்கிக் குதிரை ஏறினான். அம்பாரி வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்த படை, இளவரசன் செத்தான் என்று நினைத்துச் சிதறியது. இறங்கச் சொல்லிக் கெடுத்தது தளபதி கலீலுல்லா கான்தான் என்று மனூச்சி அடித்துச் சொல்கிறார். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மனூச்சி தாராவின் உப்பைத் தின்றவர். தோல்விக்கு ஒரு துரோகி கிடைத்தால் மனசுக்கு ஆறுதல். வெடிபாணம் வந்து தாக்கியதால்தான் இறங்கினான் என்று சொல்பவர்களும் உண்டு.

அன்றிரவு தாரா அப்பாவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, சொற்ப ஆட்களோடு டெல்லிப் பக்கம் ஓடினான். மனூச்சி பின்தொடரப் பார்த்தான், வழியெல்லாம் எதிரிகள். ஜெயித்தவனிடம் சம்பளம் கேட்டுப் போனவர்கள் நிறைய. இவனுக்கு அது ஒப்பவில்லை. ஒரே வழிதான் மிச்சம்: மாறுவேடத்தில் அவுரங்கசீப்பின் பாளையத்துக்குள்ளேயே கலந்து, அந்தப் படையோடு டெல்லி வரை போய், அங்கிருந்து நழுவி தாராவைத் தேடுவது.

ஜூன் 25. மதுராவுக்கு அருகே பாளையம். தம்பி முராத்தை அவுரங்கசீப் விருந்துக்கு அழைத்திருந்தான். வெற்றியில் உனக்கும் பங்கு உண்டு என்று சத்தியம் செய்த அண்ணன்தான். ஆனாலும் முராத்தின் நம்பிக்கைக்குரிய அண்ணகன் ஷாபாஸ், போக வேண்டாம் என்று கெஞ்சினான். முராத் கேட்கவில்லை. சாப்பாடு ஆயிற்று, மதுவும் ஆயிற்று. கண் சொருகியவன் வாளைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தான். காலடியில் ஷாபாஸ் மட்டும் விழித்திருந்தான்.

கூடாரத்துத் திரையை விலக்கிக்கொண்டு அவுரங்கசீப்பே எட்டிப் பார்த்தான். பக்கத்தில் வா என்று ஷாபாஸுக்குக் கையால் சைகை காட்டினான்.

(தொடரும்)