மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் இளைத்துப் போனால்...

"மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஆள் துரும்பாகிவிட்டார் ஹஜ்ரத். நிறுத்திவிடலாமா?" மஹல்லாவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நிறுத்துவது மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் இளைப்பதைக் கண்டும் காணாமல் இருப்பதும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் குடும்பத்தார் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் தரப்படுபவை செரடோனின் என்ற வேதிப்பொருளின் மீது வேலை செய்யும் மாத்திரைகள். செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்ஸெடின் எல்லாம் இந்த வகைதான். உடலில் உள்ள செரடோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. அதனால்தான் ஆரம்ப நாட்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை வருகின்றன. பலருக்கு இரண்டு வாரங்களில் இது அடங்கிவிடும். ஃபுளூவாக்ஸெடினில் முதல் சில மாதங்கள் எடை குறைவது உண்டு. வேறு விதமாக வேலை செய்யும் புப்ரோபியானில் இன்னும் தெளிவாகக் குறையலாம். நீண்ட நாள் சாப்பிடும்போது எடை கூடுவதுதான் அதிகம் காணப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஒருவர் தொடர்ந்து மெலிந்துகொண்டே போனால் பழியை உடனே மாத்திரையின் மேல் போட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு நோயே பசியைக் கொல்லும். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவது அதன் அடையாளங்களில் ஒன்று. அப்படியானால் மருந்து இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று பொருள். நல்ல பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகும். காசநோய், தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் ஆளை இளைக்க வைக்கும். "மன நோயாளிதானே" என்று இந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் விடுவது பெரிய அநியாயம்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதம் போனால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய குறைவாகக் கருதுகிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோதான். ஒரே மாதத்தில் அவ்வளவு போனால் உடனே காட்ட வேண்டும். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே எடை மெஷினில் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். "ரொம்ப இளைச்சுட்டார் டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த நோட்டு அதிகம் பேசும்.

வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இவ்வகை மாத்திரைகள் சிலருக்கு இரத்தத்தில் உப்புச் சத்தைக் (சோடியம்) குறைத்துவிடும். தடுமாற்றம், குழப்பம், விழுதல் என்று அது வெளிப்படும். இன்சுலின் போடுபவர் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். 25 வயதுக்குட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் தனியே விடாமல் கவனிக்க வேண்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மெலிய வேண்டும் என்பதற்காகவே இந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கி விழுங்குவதோ விளையாட்டல்ல. பட்டினி கிடக்கும் பழக்கமுள்ளவர்களுக்குப் புப்ரோபியான் வலிப்பைக்கூட வரவழைக்கும்.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். நோயும் திரும்பலாம். மருத்துவரிடம் எடையைச் சொன்னால் அவருக்கு வழிகள் உண்டு: சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பது, அளவை மாற்றுவது, அல்லது பசியைத் தூண்டும் மிர்டாசபின் போன்ற வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றுவது.

"ஈமான் உள்ளவனுக்கு இந்த மாத்திரை எதற்கு?" என்பாரும் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளும்படியே சொன்னதாக உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. கி.பி. 934இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்து, இரண்டாவது உடலிலிருந்து வருவதால் அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்று எழுதினார். நம் மண்ணும் இதற்கு அந்நியமல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் அங்கிருந்த வைத்தியரையும் அறுவை செய்பவரையும் பணிப்பெண்களையும் மருந்துகளையும் பட்டியலிடுகிறது. ஓதிப் பார்ப்பது ஓதிப் பார்ப்பதாக இருக்கட்டும். மாத்திரை மாத்திரையாக இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் வற்புறுத்தல் பலிக்காது. மூன்று வேளை நிறைய வைப்பதைவிட ஐந்தாறு முறை கொஞ்சமாகக் கொடுங்கள். நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தில் துக்க வீடுகளில் வாற்கோதுமை மாவால் செய்த 'தல்பீனா' கஞ்சி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தருவதாக ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. நம் வீட்டு நோன்புக் கஞ்சியும் குமட்டலிருக்கும் வயிற்றில் இறங்கும். மருந்துக்கு இது துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

ரமளானில் மாத்திரையைத் தாமாக விட்டுவிடுவோர் பலர். ஒரு வேளை மாத்திரையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றலாமா என்று நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். எடை குறைந்துகொண்டிருப்பவர் நோன்பு வைத்தால் கேடு என்று அவர் சொன்னால், நோயாளிக்குக் குர்ஆன் (2:184, 185) தரும் சலுகை அவருக்கும் உரியதே. பிறகு களாச் செய்யலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மடிந்தார்கள். இன்று மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. வெளியே சொல்லத் தயங்கும் குடும்பங்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அழைக்கும்போது மாத்திரை அட்டையும் எடை நோட்டும் கையில் இருந்தால் நல்லது.